மூத்திரப்பைக்கு வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்கும் இடம்

பெயரைப் போடாமல்தான் எழுதுகிறேன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கூகுளில் அந்த ஆஸ்பத்திரி பெயரிலேயே நாலு வரி குறை எழுதினேன். ரெண்டே நாளில் மேனேஜர் போன் பண்ணி, "அந்தக் கவுன்டர் பொண்ணைக் கண்டிச்சுட்டோம் ஐயா" என்றார். நான் எழுதியது அந்தப் பிள்ளையைப் பற்றி இல்லை. கம்ப்யூட்டரை மாற்றி என் டெஸ்ட் படங்களைத் தொலைத்தது எவரோ, ஏச்சு வாங்கியது வாசலில் நிற்கிற பிள்ளை. அன்றைக்கே எழுத்தை அழித்துவிட்டேன். ஸ்டார் மட்டும் மூன்று, அப்படியே நிற்கிறது.

ஆகவே கோயமுத்தூரில் ஒரு யூராலஜி (மூத்திர வியாதி) ஆஸ்பத்திரி என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பப் பெரியதும் இல்லை, தெருமுனை கிளினிக்கும் இல்லை. நான்கு வருஷமாக அங்கே போய் வருகிறேன். என்னை மாதிரி மூத்திரப்பை உள்ளே வெள்ளையாகக் காய்த்துப்போகிற வியாதி உள்ள யாராவது ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடிக்கொண்டிருந்தால் அவருக்குப் பயன்படட்டும் என்று இதைச் சொல்கிறேன். போனிடம் வாயால் சொன்னால் அது எழுதிக்கொள்கிறது. பேத்தி பிழை திருத்துகிறாள்.

எனக்கு 62 வயசு. நாமக்கல். 1991இலிருந்து 2019 வரை கேஸ் டேங்கர் ஓட்டினேன், புல்லட் டேங்கர் என்போமே, அது. மங்களூரில் லோடுக்கு வரிசையில் நின்றால் ஒரு நாளும் ஆகும், மூன்று நாளும் ஆகும். வண்டியை விட்டுத் தூரமாகப் போக முடியாது. தண்ணீர் குடித்தால் இறங்கணும், இறங்கினால் வரிசை போய்விடும் என்று குடிக்காமலே பழகிவிட்டோம். வந்த மூத்திரத்தை அடுத்த ஊர், அடுத்த ஊர் என்று அடக்கியே சகலேஷ்பூர் மலை ஏறி இறங்கியிருக்கிறேன். என் வயசு டிரைவர்களில் கல் இல்லாதவனை எனக்குத் தெரியாது.

2016இல் எனக்கு மூத்திரப்பையிலேயே கல். மூத்திரப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கிற புராஸ்டேட் சுரப்பியும் வீங்கி அடைத்துக்கொண்டது. எங்கள் ஊரிலேயே கல்லை உடைத்து எடுத்தார்கள். புராஸ்டேட் ஆபரேஷனுக்கு நான் பயந்து தள்ளிப்போட்டதில் ஏழு மாசம் யூரின் ட்யூப்போடவே இருந்தேன். ட்யூப்பை மடித்து வேட்டிக்குள் செருகிக்கொண்டு மகன் கல்யாணத்துக்கே நின்றேன். அப்புறம் 2017இல் அதையும் செய்துகொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன்.

2020 கடைசியில் எரிச்சல் ஆரம்பித்தது. பக்கெட்டில் போய்ப் பார்த்தால் வெள்ளையாகத் துணுக்குத் துணுக்காக மிதக்கும். மீன் கழுவின தண்ணீரில் செதிள் மிதக்குமே, அந்த மாதிரி. ரத்தம் இல்லை. ஊரில் டாக்டரிடம் சொன்னேன். இன்ஃபெக்‌ஷன் என்று மாத்திரை. அஞ்சு நாள் அடங்கும், திரும்ப வரும். இப்படி மூன்று தடவை. ஸ்கேன் எடுத்தார்கள், ஸ்கேன் நார்மல். "வயசு ஆச்சுல்ல" என்றார்கள். சம்சாரம்தான் விடவில்லை. "ஏனுங்க, ஸ்கேன்ல ஒண்ணுமில்லீன்னா அந்த வெள்ளை எங்கிருந்து வருதுங்க?" என்று கேட்டாள். ரெண்டு ஆஸ்பத்திரியில் யாரும் கேட்காத கேள்வி. அதைக் கேட்கத்தான் கோயமுத்தூர் போனோம்.

முதல் நாளே ஒரு விஷயம் பிடித்தது. டாக்டர் ஸ்கேனைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைக் கேள்வி கேட்டார். பீடி எத்தனை? ஒரு கட்டு, சில நாள் ஒன்றரை. சாயப்பட்டறையில் வேலை பார்த்தீங்களா? எனக்கு இல்லை, தம்பி பவானியில் பார்த்தான். எகிப்து, ஆப்பிரிக்காப் பக்கம் வேலைக்குப் போனதுண்டா? மங்களூர்க் கடலில் கால் நனைத்ததுதான் நான் போன வெளிநாடு என்றேன். சிரித்துவிட்டு விளக்கினார். அந்தப் பக்கம் ஆற்றுத் தண்ணீரில் நத்தை வழியாகப் பரவும் ஒரு புழு மூத்திரப்பைச் சுவரைக் கெடுக்குமாம். சில சாயங்களும் பீடியும் கெடுக்கும். கல்லும் ட்யூப்பும் வேறு வழியில் கெடுக்கும். "உங்களுக்கு ஏழு மாசம் ட்யூப்பு, அதுக்கு முன்னால கல்லு. உள்ளே கேமரா போட்டுப் பார்த்தாத்தான் தெரியும், ஸ்கேன்ல இதெல்லாம் தெரியாது ஐயா" என்றார்.

2021 ஆகஸ்டில் முதுகில் மரப்பு ஊசி போட்டு, வளையாத கம்பிக் கேமராவை விட்டுப் பார்த்தார்கள். இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வு இல்லை, தலை தெளிவாக இருந்தது. திரையை என் பக்கம் திருப்பி வைக்க முடியுமா என்று கேட்டேன். திருப்பி வைத்தார்கள். நல்ல மூத்திரப்பை உள்ளே ரோஜா நிறத்தில் வழுவழுப்பாக, சின்னச் சின்ன ரத்தக்குழாய் ஓடிக்கொண்டு இருக்குமாம். என்னுடையது அடிப்பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் உரிந்த மாதிரி வெள்ளையாகக் கிடந்தது. ஓரத்தில் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு ஆடியது. நான் பக்கெட்டில் பார்த்தது அதைத்தான். அங்கே சுரண்டி எடுத்ததைச் சதை டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். முழுசாக எடுக்கவில்லை. கிட்னியிலிருந்து வரும் குழாயின் வாய்க்குப் பக்கத்தில் கொஞ்சத்தை விட்டு வைத்தார், அங்கே ஆழமாகச் சுரண்டினால் வாய் சுருங்கிக்கொள்ளும் என்று.

இனிமேல்தான் முதல் கோளாறு.

ஆஸ்பத்திரியோடு சேர்ந்த ஒரு லேப் இருந்தது (இப்போது வேறு லேப்). ஆறாம் நாள் ரிப்போர்ட் வந்தது. அதில் 'ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா' என்று இரண்டே வார்த்தை. அன்றைக்கு எங்கள் டாக்டர் லீவு. டியூட்டியில் இருந்த இளம் டாக்டர் படித்துவிட்டு, "இது நிறையப் பேருக்கு இருக்குங்க, பயப்பட ஒண்ணுமில்லை, வரவே வேண்டியதில்லை" என்று அனுப்பிவிட்டார். நாங்களும் அன்னபூர்ணாவில் காபி குடித்துவிட்டுச் சந்தோஷமாகப் பஸ் ஏறினோம்.

நாலாம் நாள் எங்கள் டாக்டரே போனில் கூப்பிட்டார். "நான் கண்ணால பார்த்ததும் இந்த ரிப்போர்ட்டும் ஒத்து வரலை. மெழுகுல பதிச்சு வெச்ச சதையையும் ஸ்லைடையும், சதை டெஸ்ட் பார்க்கிற வேறொரு டாக்டருக்கு அனுப்பணும். நீங்க ஒரு கையெழுத்துப் போடணும்." இந்த ஒரு போனுக்காகவே அவருக்கு அஞ்சு ஸ்டார். எத்தனை டாக்டர் லீவு முடிந்து வந்து பழைய ரிப்போர்ட்டைப் புரட்டுவார்?

இரண்டாவது ரிப்போர்ட்டில் முன்னால் ஒரு வார்த்தை கூடியிருந்தது: 'கெரட்டினைசிங்'. பின்னால் ஒரு வரியும்: 'டிஸ்பிளேசியா இல்லை'. அந்த ஒரு வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று கேட்டதற்கு டாக்டர் என் கையை நீட்டச் சொன்னார். உள்ளங்கையைத் திருப்பி, விரலுக்குக் கீழே ஸ்டீயரிங் பிடித்துப் பிடித்துக் காய்த்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார். "இது ஏன் காய்ச்சது? உரசல். தோலு தன்னைக் காப்பாத்திக்கத் தடிமனாச்சு. மூத்திரப்பை உள்ளே இருக்கிறது தோல் கிடையாது, விரிஞ்சு சுருங்குற மெத்துன்னு ஒரு உறை. கல்லும் ட்யூப்பும் வருஷக்கணக்கா உரசினதுல அதுவும் தோலு மாதிரி மாறிக் காய்ச்சுப்போச்சு." கெரட்டின் என்பது நகத்திலும் முடியிலும் தோலின் மேல்புறத்திலும் இருக்கிற பொருளாம். அது இருக்கக் கூடாத இடத்தில் வந்து செதிலாக உதிர்கிறது.

வெறும் ஸ்குவாமஸ் மெட்டாபிளேசியா, கெரட்டின் இல்லாதது, பெண்களுக்கு மூத்திரப்பையின் அடிமுக்கோணத்தில் சாதாரணமாகவே இருக்குமாம். அதற்கு ஒன்றும் செய்ய வேண்டாம். முதல் ரிப்போர்ட்டைப் படித்த இளம் டாக்டர் சொன்னது அதற்குச் சரி. எனக்கு இருந்தது அது இல்லை. கெரட்டினோடு வருவது அபூர்வம். வருஷங்கள் போக அதே இடத்தில் புற்று வரலாம், வராமலும் போகலாம். ஆகவே ஒரு வார்த்தை விட்டுப்போனதால் என்னைக் கண்காணிப்பே இல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படிக்கிறவர்கள் உங்கள் ரிப்போர்ட்டை எடுத்து அந்த இரண்டு இடத்தை மட்டும் பாருங்கள்: கெரட்டினைசிங் என்று இருக்கிறதா இல்லையா, டிஸ்பிளேசியா பற்றி ஒரு வரி இருக்கிறதா இல்லையா. டிஸ்பிளேசியா என்றால் செல்கள் கோணலாக வளரத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அந்த வரியே இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள்.

புற்று வருமா என்று நேராகவே கேட்டேன். மழுப்பாமல் சொன்னார். 1984இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கில் இந்த மாதிரி வெள்ளைப் படலம் இருந்த 78 பேரின் கணக்கைப் பார்த்தார்களாம். அதில் 40 சதவீதத்துக்கு மேல் அப்போதே புற்று இருந்தது அல்லது பின்னால் வந்தது. என் முகம் போன போக்கைப் பார்த்து உடனே அடுத்ததையும் சொன்னார்: அங்கே வந்து சேர்ந்தவர்கள் ஏற்கனவே முற்றிப்போனவர்கள், அப்போதே புற்றோடு வந்தவர்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. அதற்கப்புறம் பார்த்தவர்கள் எல்லாரும் அவ்வளவு பயங்கரமாகச் சொல்லவில்லை. சுவரில் பாதிக்கு மேல் படர்ந்திருந்தால் கவலை அதிகம், சின்ன இடமென்றால் குறைவு. "எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கணும்னு உலகம் முழுக்க ஒத்துக்கிட்ட அட்டவணை எதுவும் இதுக்குக் கிடையாது. உங்களுக்கு ஆறு மாசம் ரெண்டு தடவை, அப்புறம் வருஷத்துக்கு ஒண்ணுன்னு நான் வெச்சுக்கிறேன்" என்றார்.

நமக்கு இது புரியும் பாஷைதான். புது லாரிக்கு எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதி என்ற சர்டிபிகேட்) காட்டினால் போதும். எட்டைத் தாண்டிவிட்டால் வருஷா வருஷம் நிறுத்தியாகணும். வண்டி கெட்டுப்போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. வயசாகிவிட்டது, பார்த்துப் பார்த்து ஓட்டு என்கிறார்கள். பீடியை அந்த வாரமே விட்டேன். விட்டது பயத்தில்தான், பெருமைக்கு ஒன்றுமில்லை.

இனி அந்த வருஷாந்திர எஃப்.சி. எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் முதல் தடவை போகும்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

விடியற்காலை நாலு மணிக்கு நாமக்கல்லில் பஸ் ஏறினால் திருச்செங்கோடு, ஈரோடு வழியாக எட்டரைக்கு இறங்கலாம். ஒரு வாரம் முன்பே யூரின் கல்ச்சர் கொடுத்து, கிருமி இல்லை என்ற ரிப்போர்ட் கையில் இருக்கணும். கிருமியோடு கேமரா விட்டால் ரத்தத்தில் ஏறிவிடலாம். 2022 பிப்ரவரியில் இதை யாரும் சொல்லாததால் போய், கிருமி இருக்கிறது என்று திருப்பி அனுப்பி, போக வர முந்நூறு கிலோமீட்டர் வீண். இப்போது பத்து நாள் முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஞாபகப்படுத்துகிறார்கள். என்னைத் திருப்பி அனுப்பினதற்கு அப்புறம்தான் அது ஆரம்பித்தது, அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் உண்டு.

வருஷாந்திரத்துக்கு முதுகு ஊசி கிடையாது. வளைகிற கேமரா. பேனா ரீஃபிலை விடத் தடிமன், பேனாவை விட ஒல்லி. மரத்துப்போகிற ஜெல்லியைக் குழாய் வழியாக உள்ளே ஏற்றி, நுனியில் ஒரு கிளிப் மாட்டிப் படுக்க வைப்பார்கள். இங்கேதான் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வித்தியாசம். ஜெல்லி வேலை செய்யப் பத்து நிமிஷமாவது விடணும். கூட்டம் அதிகமென்றால் மூன்று நிமிஷத்திலேயே உள்ளே விட்டுவிடுகிறவர்கள் உண்டு என்று என் கூட உட்கார்ந்த ஒருவர் வேறு இடத்துக் கதை சொன்னார், சொல்லும்போதே தொடையைச் சேர்த்துக்கொண்டார். இங்கே ஒரு பாலக்காட்டு சிஸ்டர் இருக்கிறார். சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "அப்பா, பெரிய முள்ளு ஆறுக்கு வரட்டும்" என்பார். டாக்டர் வந்து கதவோரம் நின்றாலும் முள் வராமல் விடமாட்டார். டாக்டரும் பேசாமல் நிற்பார்.

வலியா என்றால், புராஸ்டேட்டைத் தாண்டும் அந்த நாலு வினாடி மட்டும் சுரீர் என்கிறது. "இருமுங்க" என்பார் சிஸ்டர். நாம் இருமுவதற்குள் தாண்டிவிடும். அப்புறம் தண்ணீர் ஏற ஏற மங்களூர் வரிசை ஞாபகம் வரும், முட்டிக்கொண்டு. அதுவும் ரெண்டு மூன்று நிமிஷம்தான்.

அந்த ரெண்டு நிமிஷம் திரையைப் பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். பைத்தியம் என்று நினைத்தாலும் பரவாயில்லை. மேலே ஒரு காற்றுக்குமிழி மிதக்கும். கேமரா எப்படித் திரும்பினாலும் அந்தக் குமிழி உச்சியில்தான் இருக்கும், அதை வைத்துத்தான் டாக்டருக்கு மேல் எது கீழ் எது என்று தெரியும். கீழே வந்தால் இடமும் வலமும் ரெண்டு சின்ன வாய். கிட்னியிலிருந்து மூத்திரம் வந்து விழும் இடம். கொஞ்சம் காத்திருந்தால் ஒரு வாய் சுருங்கி, டீசல் இன்ஜெக்டர் நாசில் மாதிரி ஒரு பீய்ச்சு பீய்ச்சும். அப்புறம் மற்றது. முப்பது வருஷம் வண்டி ஓட்டியவனுக்கு அதைப் பார்த்ததும் இன்ஜின் நன்றாக ஓடுகிறது என்று ஒரு நிம்மதி. வலது வாய்க்கு ஓரமாக என்னுடைய வெள்ளைத் திட்டு. டாக்டர் ஒரு பட்டனை அமுக்குவார், ரோஜா நிறமெல்லாம் பச்சை கலந்த நீலமாக மாறி, ரத்தக்குழாய்கள் காபிப் பொடி நிறத்தில் எழும்பி நிற்கும். புதிதாகக் கொத்தாகக் குழாய் முளைத்திருக்கிறதா என்று அதில் பார்க்கிறார்.

இந்தக் கேமராவை முதலில் செய்தது மாக்ஸிமிலியன் நிட்ஸே என்ற ஜெர்மானிய டாக்டராம், 1877இல் ட்ரெஸ்டனில் காட்டினாராம். பேத்தி போனில் பார்த்துச் சொன்னாள். பல்பு வராத காலம். நுனியில் பிளாட்டினக் கம்பியைக் கரண்ட் விட்டுப் பழுக்க வைத்து அந்த வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார். உள்ளே சுட்டுவிடுமே? சுடாமலிருக்கக் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஓட விட்டிருக்கிறார். ரேடியேட்டர் வைத்த கேமரா! அதை அந்தக் காலத்தில் உள்ளே வாங்கிக்கொண்டு படுத்தவன் எவனோ, அவனுக்கு என் கும்பிடு.

சைட்டாலஜி பற்றிச் சொல்லணும். மூத்திரத்தில் உதிர்ந்து வரும் செல்லை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. முற்றின வகைப் புற்று என்றால் நன்றாகக் காட்டிக் கொடுக்கும், இளசானதைத் தவற விடும், அதனால் கேமராவுக்குப் பதிலாக இதை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்றார் டாக்டர். 2022 ஆகஸ்டில் கவுன்டரில், "காலையில் முதல் யூரினைப் பிடிச்சுக்கிட்டு வந்துடுங்க" என்றார்கள். நானும் சொன்னபடி மூன்றரை மணிக்கே பிடித்து, டப்பாவை மடியில் வைத்து நாலரை மணி நேரம் பஸ்ஸில் வந்தேன். ரிப்போர்ட்: செல்கள் சிதைந்துவிட்டன, முடிவு சொல்ல இயலாது. புது லேப் டெக்னீஷியன் பையன் தலையில் அடித்துக்கொண்டான். ராத்திரி முழுக்கப் பையில் ஊறின முதல் மூத்திரம்தான் இந்த டெஸ்ட்டுக்கு ஆகவே ஆகாதாம். செல் ஊறிக் கெட்டுப்போகும். வேறு சில டெஸ்ட்டுக்கு முதல் மூத்திரம் கேட்பதால் கவுன்டரில் எல்லாருக்கும் அதையே சொல்கிறார்கள். இதற்கு வேண்டியது, காலையில் ஒரு தடவை போய்விட்டு, தண்ணீர் குடித்து, அங்கேயே பிடித்து, சூடு ஆறுவதற்குள் லேப்பில் கொடுப்பது.

அப்புறம் 2023 ஆகஸ்ட். கூகுளில் நான் குறை எழுதக் காரணம் இதுதான்.

படுத்திருக்கிறேன். திரையில் வெள்ளைத் திட்டு தெரிகிறது. டாக்டர் உற்றுப் பார்த்துவிட்டு, "போன வருஷத்துப் படத்தை எடுத்து வைங்க" என்றார். சிஸ்டர் கம்ப்யூட்டரில் தேடினார். என் பெயர் இருக்கிறது, பில் இருக்கிறது, படம் இல்லை. ஏப்ரலில் சாஃப்ட்வேர் மாற்றினார்களாம். பில்லெல்லாம் பத்திரமாகப் புதிதுக்கு வந்து சேர்ந்துவிட்டது, கேமராப் படங்கள் வரவில்லை. எழுத்து ரிப்போர்ட் இருந்தது. அதில் 'வலது வாய்க்கருகே வெள்ளைத் திட்டு' என்று மட்டும். எத்தனை சென்டிமீட்டர் என்று இல்லை. "இது அப்போ இருந்ததா, வளர்ந்திருக்கா?" என்று டாக்டர் அங்கே இருந்தவர்களைக் கேட்கிறார். அவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நான் கொஞ்சம் பெரிசா இருக்கிற மாதிரித்தான் இருக்குங்க என்றேன். டிரைவர் கண்ணளவு!

வேறு வழியில்லாமல் மறுபடி முதுகு ஊசி, மறுபடி சதை டெஸ்ட். 24,000 ரூபாய், ஒரு ராத்திரி ட்யூப்பு, ரெண்டு நாள் ரோஜாப் பூத் தண்ணீராட்டம் மூத்திரம், ரிப்போர்ட்டுக்கு எட்டு நாள் காத்திருப்பு. அந்த எட்டு நாளும் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ரிப்போர்ட்டில் அதேதான்: கெரட்டினைசிங், டிஸ்பிளேசியா இல்லை. நிம்மதிதான். ஆனால் பழைய படம் ஒன்று இருந்திருந்தால் இந்தச் சதை டெஸ்ட்டே தேவைப்பட்டிருக்காது என்று டாக்டரே ஒத்துக்கொண்டார்.

எனக்குக் கோபம் இந்த இடத்தில்தான். கண்காணிப்பு என்று பெயர் வைத்துப் பணம் வாங்குகிறார்கள். இந்த வருஷம் பார்ப்பது மட்டும் கண்காணிப்பு ஆகுமா? போன வருஷத்தோடு ஒட்டிப் பார்த்தால்தானே? எஃப்.சி. பிரேக் இன்ஸ்பெக்டர்கூட வண்டியின் பழைய புக்கை வாங்கித்தான் புரட்டுவார். கேமரா ஜப்பானிலிருந்து வாங்கியிருக்கிறார்கள், டாக்டரின் கை பஞ்சு மாதிரி, சிஸ்டர் தெய்வம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு ஞாபகம் இல்லை என்றால் ஒவ்வொரு வருஷமும் நான் புது நோயாளிதான்.

அதற்கப்புறம் நானே ஏற்பாடு பண்ணிக்கொண்டேன். ஒரு பென்டிரைவ் வாங்கினேன், 350 ரூபாய். முதல் தடவை கொடுத்தபோது வைரஸ் வரும் என்று ஐ.டி. ஆள் வாங்க மறுத்தார். டாக்டர் கூப்பிட்டு ஒரு அதட்டு அதட்டினதும் சி.டி.யில் போட்டுக் கொடுத்தார். வீட்டில் சி.டி. ஓட்டுகிற கம்ப்யூட்டர் ஏது? அச்சகம் வைத்திருக்கிற அண்ணன் மகன் அதைப் பென்டிரைவுக்கு மாற்றிக் கொடுத்தான். இப்போது என்னிடம் 2023, 2024, 2025 மூன்று வருஷப் படமும் இருக்கிறது. கலர் பிரின்ட் போட்டு, பேத்தியின் பள்ளிக்கூடத்து ஃபைலில் கோத்து வைத்திருக்கிறேன்.

இன்னொன்று டாக்டரிடம் கேட்டு வாங்கினேன். படத்தைவிட அதுதான் இப்போது அவருக்கே உபயோகம். வெள்ளைத் தாளில் ஒரு வட்டம் போட்டு, கடிகாரம் மாதிரி எண் குறித்து, திட்டு எந்த மணிக்கும் எந்த மணிக்கும் நடுவில் இருக்கிறது, எவ்வளவு அகலம் என்று அவர் கையாலேயே வரைந்து தேதி போடுகிறார். அகலத்தைக் கண்ணால் மதிப்பிடுவதில்லை. சதை எடுக்கிற சின்ன இடுக்கியின் வாயைத் திறந்து பக்கத்தில் வைத்து, இடுக்கி வாய்க்கு இத்தனை என்று அளக்கிறார். 2024இல் ஐந்து இடுக்கி வாய். 2025இலும் ஐந்து. இந்த ஆகஸ்டில் பழைய தாளையும் புதுத் தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், நான், டாக்டர், சிஸ்டர் மூன்று பேரும். கோடு மேல் கோடு விழுந்தது. சதை டெஸ்ட் வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பினார். 24,000 மிச்சம்.

செலவு என்று கேட்பீர்கள். 2025இல் கேமரா டெஸ்ட்டுக்கு 6,800, சைட்டாலஜி 900, கல்ச்சர் 600, கிட்னிக்கு ஒரு ஸ்கேன், கிரியாட்டினின் என்ற கிட்னி ரத்த டெஸ்ட், டாக்டர் ஃபீஸ் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்தைச் சற்றுத் தாண்டியது. நான் எடுத்து வைத்திருக்கிற இன்சூரன்ஸில், படுக்கையில் அட்மிட் ஆகாத டெஸ்ட்டுக்குக் காசு கிடையாது. சதை டெஸ்ட்டுக்கு அட்மிட் ஆனபோது மட்டும் கொடுத்தார்கள். டெஸ்ட் முடிந்ததும் கையெழுத்துப் போட்டுத் தருகிற குறிப்புத் தாளில் தமிழிலேயே எழுதியிருக்கிறார்கள், அது நல்ல காரியம்: ரெண்டு நாள் எரியும், தண்ணீர் நிறையக் குடிக்கணும், குளிர்ந்து நடுங்கிக் காய்ச்சல் வந்தால் ராத்திரியானாலும் வரணும், வலியே இல்லாமல் ரத்தம் போனால் அடுத்த தேதி வரை காத்திருக்கக் கூடாது. அந்தக் கடைசி வரியை டாக்டர் பேனாவால் ரெண்டு தடவை அடிக்கோடு போடுவார்.

கேன்டீன் சுமார். வாசலில் இளநீர்க்காரர் இருக்கிறார், டெஸ்ட் முடிந்ததும் நேராக அவரிடம்தான் போவேன்.

கழிவறை. இதைச் சொல்லாமல் முடித்தால் மனசு ஆறாது. மூத்திர வியாதிக்கென்றே கட்டின ஆஸ்பத்திரி. வெளிநோயாளி மாடியில் ஒரு நேரத்துக்கு நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறோம், எல்லாரும் வயசானவர்கள், எல்லாருக்கும் அடக்க முடியாத வியாதி. ஆண்களுக்கு ரெண்டே ரெண்டு கழிவறை. மூத்திரம் போகிற வேகத்தை அளக்கிற யூரோஃப்ளோ டெஸ்ட்டுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிட்டு "மிஷின் ஃப்ரீ இல்லை, அடக்கிக்கிட்டு உட்காருங்க" என்கிறார்கள், அந்த ரெண்டில் ஒன்றுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நான் போக ஆரம்பித்த 2021இலிருந்தே இல்லை. உள்ளே போகிறவர் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மற்ற வேலையைப் பார்க்கணும். கேமரா முடிந்து நடுங்குகிற காலோடு அதையும் செய்திருக்கிறேன். ஒருமுறை வெளியில் நின்ற பெரியவர் ஒருவர், "நீங்க போங்க, நான் புடிச்சுக்கிறேன்" என்று கதவைப் பிடித்துக்கொண்டார். நான் வந்ததும் அவருக்கு நான் பிடித்தேன்.

இந்த ஆகஸ்டில் மேனேஜரைப் பார்த்து நேரிலேயே சொன்னேன். குறித்துக்கொண்டார். அடுத்த ஆவணியில் பென்டிரைவோடு ஒரு தாழ்ப்பாளும் நாலு ஸ்க்ரூவும் எடுத்துப் போவதாக இருக்கிறேன். அதற்குள் அவர்களே மாட்டிவிட்டால் மூன்று ஸ்டாரை நாலு ஆக்கிவிடுகிறேன்.